முடிவைச் சொல்லிவிடும் சி.டி. கடைக்காரர்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் சினிமா சி.டி.க்களை வாடகைக்கு விட்டுவந்தார் ஒருவர். கழுத்தில் துண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தப் படம் நன்றாயிருக்கும் என்று கேட்டால் சரியாக எடுத்துத் தருவார். கூடவே அதன் முடிவையும் சொல்லித் தொலைப்பார். கெஞ்சினாலும் அந்த வாய் நிற்காது.

அப்பாவின் காரியம் முடிந்த வாரம், அம்மாவோடு பார்க்க ஒரு புதுப்படம் கேட்டேன். என் மொட்டைத் தலையைப் பார்த்தவர், "இது வேணாம் சார். கடைசில அப்பா செத்துடுவாரு. அம்மா தாங்க மாட்டாங்க. காமெடிப் படம் ஒண்ணு கீது, எத்துக்கினு போங்க" என்றார்.

"முடிவைச் சொல்லாம ஒரு படம்கூடக் குடுக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு, வீம்புக்கு அதையே வாங்கிப் போனேன்.

அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் இறுகிப்போயிருந்த அம்மா, அந்தக் கடைசிக் காட்சியில் வாய்விட்டு அழுதாள். பிறகு, பசிக்கிறது என்று தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சி.டி.யைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அம்மா அழுதாங்களா?" என்றார். தலையசைத்தேன்.

"சொன்னா கேக்கணும் சார்! பெத்தவங்கள அழ வெக்கலாமா? இன்னா புள்ள நீங்க!" என்று கடை அதிர இரைந்தார். அழுததால்தான் அவள் தேறினாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல மனிதர்தான், ஆனால், பேச விட்டால்தானே!