வீட்டுக்குத் தூரமானவர்கள் கவனத்திற்கு

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு அருவியைப் பற்றிக் கவலை கிடையாது. அது பாட்டுக்கு விழும். எங்கள் கவலையெல்லாம் கக்கூஸ்தான். சாரல் அடிக்கிற அந்த இரண்டு மூன்று மாதம் போடுகிற ஆட்டத்தில்தான் எங்களுக்கு வருஷம் ஓடும். மற்ற நாளெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் ஆளில்லாத அறைகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன சீசனில் லாட்ஜ் நிறைந்த கையோடு மாடியில் கழிப்பறை அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து நீளக் கம்பியை விட்டுக் குடைந்து இழுத்தான். வந்ததெல்லாம் நாப்கின். ஒவ்வொன்றும் தண்ணீர் குடித்து ஊதிப்போயிருந்தது. "மதினி, தலகாணி தைக்கலாம் போலயே," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் தொட்டி நிரம்பிக் கழிவுத் தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் இறங்கியிருந்தது.

அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் ஓர் அண்ணாச்சி நெல் போட்டிருந்தார். மறுநாள் காலையில் குச்சி நுனியில் ஒரு நாப்கினைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வரவேற்பறைக்கே வந்துவிட்டார்.

"இது என்ன பயிருன்னு சொல்லுங்க, அடுத்த பூ வெள்ளாமைக்கு இதையே போடுதேன்," என்றார்.

அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தம்ளரோடு எழுந்து போய்விட்டது. அண்ணாச்சி அத்தோடு விடாமல் புகாரும் கொடுத்தார். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை வாய்க்காலில் கழிவு இறங்கினால் சீசன் கீசன் என்று பார்க்க மாட்டேன், பூட்டிச் சீல் வைத்துவிடுவேன், சனிக்கிழமை திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சீசனில் பூட்டினால் எங்கள் வருஷமே போச்சு.

உடனே அறைக்கு ஒன்றாக மூடி போட்ட வாளி வாங்கினேன். வாளிக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

என் வீட்டுக்காரர் எதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவார். இந்த ஒரு விஷயம் வந்தால் மட்டும் திடீரென்று சுவரில் பல்லி தேட ஆரம்பித்துவிடுவார். "நாப்கினைக் கழிப்பறையில் போடாதீர்கள்னு எழுதுங்க, தீர்ந்தது," என்றேன்.

"ஏட்டி, இது குடும்பத்தோட வந்து தங்குத லாட்ஜு. சுவத்துல அந்த வார்த்தையை எழுதி ஒட்டுனா வெளங்குமா? நான் நாகரிகமா எழுதுதேன் பாரு."

எழுதினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "வீட்டுக்குத் தூரமானவர்கள் தங்கள் பொருள்களைக் கழிப்பறையில் போடாமல் இந்த வாளியில் மட்டுமே போடவும்."

"ஏங்க, லாட்ஜுக்கு வர்ற எல்லாருமே வீட்டுக்குத் தூரமா இருக்கறவங்கதானே?" என்று கேட்டேன்.

"பொம்பளைங்களுக்குத் தெரியும். நீ சும்மா கெட," என்றார். எக்கேடு கெட்டுப் போங்கள் என்று நானும் ஒட்டிவிட்டேன்.

இரண்டே நாளில் வாளிகள் பொங்கி வழிந்தன. திறந்து பார்த்தால் ரம்புட்டான் தோல், ஈர ஜட்டி, எண்ணெய் பாட்டில், சால்னா ஊறிய பரோட்டா பொட்டலம். சென்னையிலிருந்து வந்திருந்த பையன்கள் பீர் பாட்டில்களை வாளியைச் சுற்றி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வீடு ரொம்பத் தூரம் அல்லவா? கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தீர்ந்துபோன பற்பசை டியூபும் கையுமாகக் கீழே இறங்கி வந்தார்.

"ஏனுங்க, நாங்க கோயமுத்தூருங்க. அது தூரத்துல சேருமுங்களா, பக்கத்துல சேருமுங்களா?"

என் வீட்டுக்காரர் பல்லி தேடினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழ் அறை ஒன்றில் மறுபடி அடைத்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. இன்னும் நாலு பேர் குளித்தால் வாய்க்கால்தான். அந்த அறையில் இருந்தது புனலூர்க் குடும்பம். மலையைத் தாண்டினால் அவர்கள் ஊர். அந்த அம்மாளைத் தனியே கூப்பிட்டு, சுவரில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறோமே, படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வாயிச்சு சேச்சி," என்றாள் அவள். "பக்ஷே ஞங்ஙள் புனலூரல்லே. வீடு தூரமில்லல்லோ."

புனலூர் பக்கம்தானே, வாளி தங்களுக்கில்லை என்று படித்திருக்கிறாள். அவள் மேல் என்ன குற்றம்? நேரே போய் என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து கூடத்தில் நிறுத்தினேன். பிளம்பர் பின்னால் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அருவியிலிருந்து திரும்பியவர்கள், எண்ணெய்த் தலையோடு கிளம்ப நின்றவர்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த... தூரமானவங்க..." என்று இழுத்தார்.

"அந்தத் தூரத்தைத் தூரப் போடுங்க," என்றேன் பின்னாலிருந்து.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாப்கின்," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். கூரை இடிந்து விழவில்லை. அப்புறம் மடை திறந்துவிட்டது. "பொம்பளைங்க வைக்கித நாப்கின். கக்கூஸ்ல போட்டா அது அந்த அண்ணாச்சி வயல்ல போய் மெதக்கு. பேப்பர்ல சுத்தி வாளியில போடுங்க. பஞ்சாயத்து வண்டியில தனியாக் குடுத்துருவோம். வேற எந்த எழவையும் அதுல போடாதீங்க."

"இதை மொதல்லயே சொல்லீருந்தா நான் பேஸ்ட்டை எடுத்துட்டு மாடி எறங்கீருக்க மாட்டனுங்களே," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஒரு பெண் மட்டும் போகவில்லை. மதுரையிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வந்த கல்லூரிப் பிள்ளை. என் பக்கத்தில் வந்து குரலை இறக்கிப் பேசினாள்.

"அக்கா, நீங்க எழுதுனது எனக்குப் புரிஞ்சுச்சு. ஆனா வாளி பூராம் அண்ணன்மாரு துணியும் பாட்டிலுமா கெடக்கு. அதுக்குள்ள எப்படிப் போடுறது? ரெண்டு நாளா கவர்ல சுத்தி என் பைக்குள்ளயே வெச்சிருக்கேன். ஊருக்குக் கொண்டு போயி போட்டுக்கலாம்னு."

பாவி மகள், அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதானே அருவிக்குப் போய் வந்தாள். என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனார். புது வாளி ஒன்றும் ஒரு கட்டுப் பழைய பேப்பரும் எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். "இது ஒனக்கு மட்டும்மா. வேற எவனாவது எதையாவது போட்டா எங்கிட்ட வந்து சொல்லு," என்றார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தபோது அடைப்பு நீங்கித் தொட்டித் தண்ணீர் வடிந்திருந்தது, வாய்க்கால் தெளிந்து ஓடியது. எல்லாம் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த புது அறிவிப்பின் முன்னால் நின்றார். நாப்கின் என்ற எழுத்து வாளி அளவுக்கு இருந்தது.

"நல்ல காரியந்தான். அதுக்காக இவ்வளவு பச்சையாவா எழுதணும்? கொஞ்சம் ஜாடையா எழுதப்படாதா?" என்றார்.

"ஜாடையா எழுதித்தான் பாத்தோம் சார்," என்றார் என் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் பல்லி தேடவில்லை. "அது இந்த லாட்ஜுல ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வெளங்குச்சு. அந்தப் பிள்ளை ரெண்டு நாளா அதைப் பையில சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கா."