செல்வியின் வயிறும் பையும்

பத்திரிகையில் சித்திரக்கதை வரைகிறவளுக்குச் சிரிக்க வைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் நிற்பது ஆர் என்று வாசிப்பவருக்கு விளங்க வைப்பது. தன் கைவேலையைப் பத்துப் பேரிடம் காட்டி, பதினொரு அபிப்பிராயம் கேட்டு நொந்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையில் நாலே பேர். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் செல்வி, அவள் புருசன் தவம், தவத்தின் அக்காவான மச்சாள், பக்கத்து வீட்டு பரீதா. ஒரு நாளைக்கு மூன்று கட்டம்.

சட்டியோ செல்வியோ

பத்திரிகையில் என் கதை வருகிற பக்கத்துக்குப் பொறுப்பான சிவா அண்ணை ஒருநாள் கூப்பிட்டார். பத்திரிகையின் அளவு சுருங்குகிறது, என் இடம் பாதியாகிறது என்றார். "ஒரு மாதம் பாப்பம் தங்கச்சி. ஆக்களை விளங்கேல்லை எண்டு முறைப்பாடு வந்தால் அந்த இடத்திலை குறுக்கெழுத்துப் போட வேண்டியதுதான்."

செல்விக்கு அப்போது ஜிமிக்கி, கண்மயிர், சேலைக்கரையில் மாங்காய், கொண்டையில் பூ எல்லாம் இருந்தன. அதையே சின்னதாக வரைந்து கொடுத்தேன். அச்சில் மை ஊறி எல்லாம் ஒன்றாகிவிட்டது. அடுத்த நாள் பக்கம் கட்டுகிற குமார் என்னைக் கண்டதும் வெகு மரியாதையாகக் கேட்டான்: "அக்கா, செல்வி கறிச்சட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாவோ, அல்லாட்டி கறிச்சட்டிதான் செல்வியோ?"

புள்ளி அபாயா

குறுக்கெழுத்துக்கு இடம் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஜிமிக்கியைக் கழற்றினேன், மாங்காயை அழித்தேன். அடுத்த தொல்லை பரீதா. அவளுடைய கறுப்பு அபாயா அச்சில் கதவையும் கதிரையையும் விழுங்கி, கடைசியில் அவள் கையையும் விழுங்கியது. ஆகவே கறுப்பை எடுத்துவிட்டு அபாயா முழுக்கச் சின்னப் புள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா அலுவலகத்துக்குப் போன் எடுத்து, வரைகிற ஆளோடு கதைக்க வேண்டும் என்றாராம். ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் போனை வாங்கினேன். அவர் கேட்டார்: "தங்கச்சி, அந்தப் புள்ளி போட்ட அபாயா எந்தக் கடையில எடுக்கலாம்? என்ட மக ரெண்டு நாளா கேக்குறா."

எண்ணெய்ச் சோதனை

மகளை நேர்சரியிலிருந்து கூட்டி வரும்போது காலி வீதியில் கடலை வடை வாங்குவது எங்கள் வழக்கம். அன்றைக்கு வடை சுற்றிய தாளைப் பிரித்தால், உள்ளே என் கதை. செல்வியும் மச்சாளும் சண்டை பிடிக்கிற நாள் அது. எண்ணெய் ஊறி மறுபக்கத்து மரண அறிவித்தலும் சேர்ந்து தெரிய, எது செல்வி என்று வரைந்த எனக்கே பிடிபடவில்லை.

கடைக்கார அண்ணையிடம் தாளை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு, நீதவானைப் போல நிதானமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டும் ஒரே ஆள்தானே பிள்ளை. ஒருக்கா இந்தப் பக்கம் பாக்கிறா, ஒருக்கா அந்தப் பக்கம் பாக்கிறா."

கறுப்புத் தாள்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சித்திர வகுப்புக்கே ஒரு பெட்டி பாஸ்டல் கலர்தான். அதில் உடையாமல் மிஞ்சியது கறுப்பு மட்டும். ஆகவே கறுப்பில் எனக்குக் கை ஓடும். கறுப்புத் தாளை எடுத்து, முகமே இல்லாமல் ஆட்களை வெட்டினேன். மச்சாள் குடை பிடித்த முருங்கைக்காய். தவம் காஸ் சிலிண்டர். பரீதா பள்ளிக்கூட மணி. செல்வி குள்ளமாய், உருண்டையாய். பிள்ளை பெற்ற பிறகு எனக்கும் உங்களில் பலருக்கும் போகாத அதே வயிறு. தோளில் தண்ணிப் போத்தல் எட்டிப் பார்க்கிற பெரிய பை. சமையலறையிலும் பையோடுதான் நிற்பாள். கழற்றினால் அடையாளம் போய்விடும்.

இனி எந்தப் படத்தையும் இப்படி வெட்டி, எண்ணெய் பூசிய தாளை மேலே போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் சோதனைக்கு நாலு வயது மகளை இருத்தினேன். நாலையும் சரியாகச் சொன்னாள். பிறகு செல்வியைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பையிலை பிஸ்கட் இருக்கோ எண்டு கேளுங்கோ."

கேட்டடியிலிருந்து வந்தவர்

மாதக் கடைசியில் சிவா அண்ணை கூப்பிட்டார். "இப்ப ஆக்களை நல்லாய் விளங்குது. ஆனால் செல்வி கதாநாயகியெல்லோ? அந்த வயித்தைக் குறைச்சு, பையையும் எடுத்துவிடுங்கோ. வடிவாய் இருக்கட்டும்." எடுத்தால் அவள் திரும்பவும் மச்சாளாகிவிடுவாள், அடுத்த மாதம் குறுக்கெழுத்து வந்துவிடும். "ஏலாது அண்ணை" என்றேன். கறுப்பு உருவங்களை அவர் மேசையில் பரப்பினேன். "வரைஞ்ச உங்களுக்குத் தெரியும். மற்றவைக்கு?" என்றார்.

அந்த நேரம் கேட்டடியில் காவல் நிற்கிற சிங்கள அங்கிள் தபாலோடு உள்ளே வந்தார். தமிழ் கொஞ்சம் கதைப்பார், வாசிக்கத் தெரியாது; என் கதையில் படத்தை மட்டும் நாளும் பார்ப்பார். சிவா அண்ணையின் கத்தரிக்கோலை எடுத்து, அவர் கேட்டபடியே வயிறும் பையும் இல்லாத செல்வியை வெட்டி அங்கிளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசா வந்த ஆளா?" என்றார். பிறகு பழைய செல்வியைக் கொடுத்தேன். உடனே சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "இந்த நோனா தானே. வீட்டுக்கு வந்தும் பேக் கீழ வைக்க இல்ல. பாவம், ஒருத்தரும் அத கையில வாங்க இல்ல."

சிவா அண்ணை மெலிந்த செல்வியை எடுத்து மடித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

செல்வி இன்றைக்கும் அதே வயிறோடும் பையோடும் மூன்று கட்டத்துக்குள் நிற்கிறாள். நான் மட்டும் வீட்டு வாசலில் கால் வைத்ததும், ஒருகொடவத்தை சரக்கு யார்டில் நாள் முழுக்கக் கொண்டெய்னர் இறக்குவிக்கிற என் கணவரிடம் முதல் வேலையாக என் பையை இறக்கிக் கொடுத்துவிடுகிறேன்.