புது சர்வரில் பதிவே இல்லை

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலையில் புது சர்வரில் இருந்த டிசைன்கள் மொத்தமும் காணவில்லை. அவற்றை அழிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. போதாக்குறைக்கு, முந்தின வாரம் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தேன். அது முதலாளியின் காதுக்கு எட்டியிருந்தது. டிசைன்களை அங்கே கொடுத்துவிட்டு இங்கே அழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள உண்மையைச் சொல்லிருங்க. இல்லீன்னா போலீஸ்ல பேசிக்கலாம்" என்றார்.

சர்வர்களில் நடப்பதையெல்லாம் பதிவுகளாகச் சேகரித்துக் காட்டும் கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. புது சர்வரை அதில் யாரும் சேர்க்கவே இல்லை. மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"உங்க சர்வீஸ் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சே சார்" என்றாள் எடுத்த பெண்.

"என்னையத் திருடன்னு சொல்றாங்கம்மா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"பதறாதீங்க சார். பழைய பதிவெல்லாம் அந்த சர்வர்லயேதான் இருக்கும். இப்பச் சேர்த்தாலும் வந்துரும்" என்றாள்.

சர்வரின் முகவரியைத் தப்புத் தப்பாக அடித்தேன். எப்படிச் சேர்ப்பது என்று அவள் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலாளி என் பின்னால் வந்து நின்றார். பதிவுகள் வரிவரியாகத் திரையில் ஏறின. யாரும் எதையும் அழிக்கவில்லை. டிசைன்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகள்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகியிருந்தன.

"தப்பா நினைச்சுட்டனுங்க" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லி, விதிப்படி அவள் போனைத் துண்டித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நான் முதலில் சொன்னது, பட்ட அவமானத்தைப் பற்றி அல்ல. அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.