விரிந்த ரோஜாவின் படம்

பதினோரு வருடமாக ரோஜாவுக்கு நடுவில்தான் என் பிழைப்பு. ஆனால் நான் வெட்டுகிற ரோஜா முழுதாக விரிந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். சிரிக்காதீர்கள். ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் பூப்பண்ணையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே கதைதான். மொட்டு கொஞ்சம் தலைகாட்டியதுமே அதற்கு ஒரு வலைத் தொப்பியை மாட்டிவிடுவோம். அது விரியக் கூடாது, அதற்குத்தான். தொப்பியோடேயே வளர்ந்து, இறுக்கமாக இருக்கும்போதே வெட்டி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம். பாதி வாய் திறந்தாலே ரிஜெக்ட். மேஜைக்குக் கீழே இருக்கிற கூடையில் வீச வேண்டியதுதான்.

பண்ணை கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் என்னிடம் இருப்பது வெறும் பட்டன் போன். ஆனால் ஒரு சின்ன கேமரா வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பழைய சாமான் கடையில் பார்த்து எனக்காக வாங்கி வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். திரையில் குறுக்கே ஒரு கீறல். காலையில் வேலைக்குப் போகும் வேன் வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு இடத்தில் செம்பருத்தியையும் சங்குப்பூவையும் சாமந்தியையும் படம் எடுப்பேன். ரொம்பக் கிட்டே போனால் படம் மங்கிவிடும். ஒரு முழம் தள்ளி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். பின்னால் குப்பை கூளம் தெரியாமல் இருக்க அவருடைய நீல லுங்கியைக் கொடியில் விரித்துவிடுவேன்.

"நாளெல்லாம் பூவு மூஞ்சிலயே முழிக்கிற, அது பத்தலையா உனக்கு?" என்பார்.

"அது கம்பெனிப் பூவு. இது என் பூவு. லுங்கிய இழுக்காதீங்க!"

போன வருடம் பண்ணையின் ஆண்டு விழாவுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு ரோஜாப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். ஜெயிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள். கேட்டதுமே எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. அதற்கு முன்பே, பண்ணையில் செடிகளைக் கவாத்து பண்ணி வெளியே கொட்டிய குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, பெயின்ட் வாளியில் நட்டு வைத்திருந்தேன். அது மொட்டு விடுகிற நேரம். நான் வேலை செய்கிற மூன்றாம் ஷெட்டுப் பூதான். அதை விரியவிட்டுப் படம் எடுத்து, அந்தச் சுவரில் தொங்கவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

முதல் மொட்டை நானே கெடுத்தேன். ஒரு நாள் துணி காயப்போட்டுத் திரும்புகிறேன், மொட்டின் தலையில் வலைத் தொப்பி! வேலைக்குக் கட்டுகிற ஏப்ரன் பையில் எப்போதும் நாலைந்து தொப்பி கிடக்கும். கை தானாக எடுத்து மாட்டியிருக்கிறது. சீ என்று பிய்த்து எறிந்தேன். அதோடு விட்டேனா? மூன்று நாள் கழித்து, பராக்குப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியவள், இந்தக் கையில் கத்தரியும் அந்தக் கையில் பூவுமாக நிற்கிறேன். வெட்டுகிற பதம் வந்துவிட்டது, வெட்டிவிட்டேன். அழுகை வந்தது, நிஜமாகவே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுச் செடியில் கூட ஒரு பூவை விரியவிடத் தெரியாத அளவுக்கா என்னைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது மொட்டு வந்ததும் கத்தரியைத் தூக்கிப் பரண் மேல் போட்டேன். தினமும் ஒரு படம் எடுத்தேன். ஆறாம் நாள் காலையில் அது முழுதாக விரிந்து நின்றது. வெளியே வெளிர் ரோஸ் என்று நான் ஆயிரம் தடவை கட்டி அனுப்பிய பூ, உள்ளே மாம்பழ மஞ்சள்! நடுவில் மகரந்தம், அதில் புரள்கிற ஒரு தேனீ. ஓரத்து இதழ் ஒன்று கருகியிருந்தது. இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தே எடுத்தேன்.

ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன்தான்.

"நல்லா எடுத்திருக்கீங்கக்கா. ஆனா விரிஞ்சிருச்சே! இது ரிஜெக்ட் பீஸு. வெளிநாட்டுப் பார்ட்டி வந்து பாத்தா நம்ம மானம் போயிடும். டைட்டா ஒரு மொக்கு இருந்தா குடுங்க, உங்களுக்குத்தான் ப்ரைஸு."

இருந்தது. நான்காம் நாள் எடுத்தது, பனித்துளியோடு, அச்சு அசலாக அவர்கள் கேட்கிற பதத்தில். ஒரு நிமிடம் மனசு தடுமாறியது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தக் கத்தரி ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது.

"மொக்குப் படம் கேமராலயே இருக்கு சார். குடுக்க மாட்டேன்."

"அப்ப உங்க பேர அடிச்சிடுவேங்க்கா."

"அடிச்சிக்கோங்க."

விழா அன்று ஆபீஸ் சுவரில் இறுக்கமான ஒரு சிவப்பு மொட்டு ஏறியது. நான் சாப்பாட்டு நேரத்தில் என் படத்தை எடுத்து, நான்கு மூலையிலும் டிபன் பாக்ஸ் சோற்றைத் தடவி, நாங்கள் சாப்பிடுகிற ஷெட்டின் சுவரில் ஒட்டினேன்.

பெண்கள் தட்டோடு எழுந்து வந்தார்கள். "யாவ ஹூவக்கா இது?" என்று தளிப் பக்கத்துக்காரி ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள். எந்தப் பூ என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று காலையில் கூட அதே பூவைக் கூடை கூடையாக வெட்டியவள் அவள்.

"நம்ம மூணாம் ஷெட்டுப் பூவுதான்டி."

யாரும் நம்பவில்லை. ஒருத்தி கிட்டே போய் இலையைப் பார்த்தாள், காம்பைப் பார்த்தாள். "அட, ஆமாண்டி!" என்று வாயில் கை வைத்தாள். 

சூப்பர்வைசர் வந்தார். "எடுத்துடுங்கக்கா, வம்பு வேணாம்."

"கிழிக்கணும்னா நீங்க கிழிங்க சார். நான் எடுக்க மாட்டேன்."

அவர் கையை நீட்டினார். இத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்து பார்த்தால் யாரோ கிழித்திருந்தார்கள். சோறு ஒட்டிய நான்கு மூலை மட்டும் சுவரில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. "படம் கேமராலதான்டி இருக்கு, சாயங்காலம் பத்துக் காப்பி போடச் சொல்றேன்" என்றேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

"பத்து எந்த மூலைக்குக்கா?" என்றாள் அந்தத் தளிக்காரி. "மூணாம் ஷெட்டுல மட்டும் நாங்க இருபத்திரெண்டு பேரு இருக்கோம்."