குழலும் மருந்தும்

என் இருபதுகளின் கடைசியில், நாகர்கோவிலில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு, துப்பாக்கி எங்கே பிறந்தது என்று ஆராயப் புறப்பட்டேன். சும்மா இருக்க மாட்டாமல் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் அது கப்பலேறி வந்த சரக்கு என்றன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மிடம் முன்னமே இருந்தது என்று நிரூபித்து, என் பேரில் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தக்கலையில் ஒரு வர்ம வைத்தியர் இருந்தார். என் வயதுதான். அடிபட்டவர்களுக்கு மருத்துவம் பார்ப்பார். எல்லோரும் ஆசான் என்றே கூப்பிடுவார்கள். அவர் வீட்டு ஓலைக்கட்டை இரவல் வாங்கி வந்து மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். புள்ளியில்லாத எழுத்து, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் ஏட்டில், குழலில் மருந்தை அடைத்து வேகமாக விட வேண்டும் என்று இருந்தது. எங்கே விடுவது என்ற சொல்லைப் பூச்சி தின்றுவிட்டது. அந்த ஓட்டையில் ‘பகைவர்மேல்’ என்று நானே போட்டுக்கொண்டேன். ஆங்கிலப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் பத்துக் கேள்வி கேட்டவன், ஓலையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்தது. அதையும் ஓலைக்கட்டையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் ஆசானுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“அய்யோ சாரே, அது மூக்குலே ஊதுத மருந்துல்லா! அடிபட்டு மயங்கிக் கெடக்கவனுக்குச் சுக்கும் மிளகும் பொடிச்சு, குழல்ல வச்சு ஊதுவோம். தும்மிக்கிட்டு எழும்பிருவான்.”

வெடிமருந்தும் மருந்து, சுக்குப்பொடியும் மருந்து. ஆளைக் கொல்லும் என்று நான் எழுதியது ஆளை எழுப்புகிற வைத்தியம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன். போடவில்லை. இன்னும் இரண்டு தடவை எழுதிவிட்டுச் சோர்ந்துபோய் விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஆயுதங்களின் வரலாறு பற்றிப் பட்டணத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்று வந்தது. நவீன ஆராய்ச்சியாம். துப்பாக்கி அத்தியாயத்துக்கு ஆதாரம் என் கட்டுரை. அடிக்குறிப்பில் என் பேரைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஆசான் வீட்டுக்குப் போயிருந்தேன். பனையிலிருந்து விழுந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவருக்கு நினைவில்லை. ஆசான் நாடி பார்த்தார், தட்டினார், தடவினார். ஆள் அசையவில்லை.

“குழலை எங்கே ஆசானே? ஊதும்!” என்றேன்.

“அத விட்டாச்சு சாரே.” அலமாரியிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். “இன்னா, வாங்கி வச்சிருக்கேன். வெடிமருந்துன்னுல்லா போட்டிருக்கு. எங்க பாட்டா எழுதினத நாங்கதான் தப்பா வெளங்கிட்டோம் போல.”

“அது நான் எழுதின தப்பு ஓய்! நீருதானே அன்னைக்குச் சொன்னீரு?”

“நான் வாயாலே சொன்னது சாரே. இது அச்சுலேல்லா வந்திருக்கு.”

அடுக்களைக்கு ஓடிச் சுக்கும் மிளகும் கேட்டு வாங்கி நானே இடித்தேன். பொடியோடு திரும்பி வந்தபோது, அங்கே ஊதத் தெரிந்த ஒரே ஆள் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.