மூன்று மாஜிஸ்திரேட்டுகள்

கசில்டா பெரோகாலும் நானும் ஸ்பெயினின் மாலகா நகரில் பதினோரு வருடங்களாக ஒரே அறையில் மேசை போட்டிருக்கிறோம். இருவருமே அரசு முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள். எனக்குப் பிரெஞ்சு, அவளுக்கு ஆங்கிலம். கடலோரத்தில் வீடு வாங்க வரும் ஆங்கிலேயர்களின் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் என்று அவள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட் தீர்ப்புகள் அபூர்வமாகத்தான் வரும். வந்த ஒரு தீர்ப்பு அவளை உலுக்கி எடுத்துவிட்டது.

அது நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றரை மணி. சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது; கசில்டா ஸ்பீக்கரில் போட்டாள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து மராவியாஸ் பேசினாள்.

மராவியாஸ் ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவளுடைய ஐந்து வயது மகள் நெரேயாவை, பிரிந்துபோன ஆங்கிலேயக் கணவன் கோடை விடுமுறைக்கென்று லீட்ஸுக்குக் கூட்டிப்போனவன் திருப்பி அனுப்பவில்லை. இங்கே முதல் கோர்ட் அப்பாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவள் மேல்முறையீடு செய்தாள். மாகாண நீதிமன்றம் அதை ரத்து செய்து, குழந்தை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவள் கசில்டா. லீட்ஸ் கோர்ட்டில் அன்று விசாரணை.

"கசில்டாம்மா, இங்க என்னமோ தப்பா போயிட்டிருக்கு," என்றாள் மராவியாஸ். "அவனோட வக்கீல் எழுந்திரிச்சு, ஜட்ஜ் ஒருத்தர் கொடுத்த தீர்ப்பை மூணு மாஜிஸ்திரேட் எப்படி மாத்த முடியும்னு கேக்கறான். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நம்ம பேப்பர்ல ஜட்ஜே கையெழுத்துப் போடலையா?"

கசில்டா உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் 'மஹிஸ்த்ராதோ' என்றால் நீதிபதிகளில் மேல்படியில் இருப்பவர். அவசரத்தில் காதுக்குக் கேட்டபடியே 'மாஜிஸ்திரேட்' என்று எழுதிவிட்டாள். இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட் என்றால் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. மூன்று பேராக உட்கார்ந்து சின்ன வழக்குகளைக் கேட்கும் ஊர்க்காரர்கள் அவர்கள். எங்கள் தீர்ப்பிலும் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர்.

"நம்ம ஜட்ஜுங்க சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றாள் கசில்டா. "தப்பு என்னோடது. நான்தான் வார்த்தையை மாத்தி எழுதிட்டேன்."



"நீ எழுதினதாலயா?" அதுவரை மரியாதையாகப் பேசியவள் ஒருமைக்கு இறங்கிவிட்டாள். "ரெண்டு மணிக்குத் திரும்ப உக்காருவாங்க. அதுக்குள்ள விளக்கம் வரலைன்னா ஜனவரிக்குத் தள்ளிடுவாங்களாம். அதுவரைக்கும் என் புள்ள அவன்கிட்ட. கேக்குதா உனக்கு?"

அங்கே இரண்டு என்றால் இங்கே மூன்று. ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக இல்லை.

போனை வைத்ததும் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. "திருத்திய பிரதின்னு மட்டும் போட்டு அனுப்பு. தப்புன்னு எழுத்துல கொடுக்காதே. முத்திரையையே பிடுங்கிடுவாங்க."

"குமர்சிந்தோ, என் முத்திரையோட ரெண்டு தாள் அவங்க கையில இருக்கும். ஒண்ணுல மாஜிஸ்திரேட், ஒண்ணுல ஜட்ஜ். காரணம் சொல்லலைன்னா, அம்மாக்காரி ஆளை வச்சு மாத்திட்டான்னு அந்த வக்கீல் சொல்லுவான். அவன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

அடுத்த சிக்கல் வார்த்தையில் வந்தது. 'ஜட்ஜ்' என்று மட்டும் போட்டால் கீழ்க்கோர்ட் நீதிபதியும் இவர்களும் ஒரே படியில் நிற்பார்கள்.

"அப்பீல் ஜட்ஜுன்னு போட்டுத் தொலையேன்!" என்றேன்.

"தாள்ல இல்லாத பட்டத்தை நான் எப்படிப்பா கொடுக்கறது? ஏற்கெனவே ஒண்ணைக் கொடுத்துத்தானே இந்தக் கதி."

எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் 'ஜட்ஜ்' என்றே வைத்து, அடிக்குறிப்பில் அந்தப் பதவியின் படிநிலையை விளக்கினாள். இந்த நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பை ரத்து செய்கிறது என்று தீர்ப்பின் முதல் பக்கமே சொல்வதைச் சுட்டிக்காட்டினாள். அதற்கும் கீழே ஒரு வரி: முந்தைய பிரதியில் 'மாஜிஸ்திரேட்' என்று எழுதியது முழுக்க என் பிழை.

பதினொரு பக்கங்களிலும் முத்திரை குத்திக் கையெழுத்திட வேண்டும். ஏழாவது பக்கத்தில் மை இழுபட்டது. "விடு, தெரியாது," என்றேன். அவள் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்தாள். மின்னஞ்சல் போனபோது இரண்டு ஐம்பத்திரண்டு.

பிறகு காத்திருந்தோம். நான்கு ஆனது, ஐந்து ஆனது. கீழே போய் நான் வாங்கி வந்த ரொட்டியை அவள் பிரிக்கவே இல்லை. ஒருமுறை போன் அடித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். யாரோ வீட்டுப் பத்திரம் தயாரா என்று கேட்டார்கள்.

ஐந்தே காலுக்கு மராவியாஸ் கூப்பிட்டாள்.

"ஏத்துக்கிட்டாங்க. அவன் வக்கீல் குதிச்சான். ஆனா ஜட்ஜம்மா, எழுதினவங்களே தப்பை ஒத்துக்கிட்ட பிறகு இதுல என்ன சந்தேகம்னு கேட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை புள்ளையைக் கூட்டிட்டு வரேன்."

"மராவியாஸ், என்னை மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் இப்ப வேண்டாம்." போன் துண்டிக்கப்பட்டது.

கசில்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினோரு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

சொன்னபடி வெள்ளிக்கிழமை நெரேயா வந்து சேர்ந்தாள். குழந்தையின் அடுத்த காகிதங்களை மராவியாஸ் இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. "காப்பாத்தினது நீதானே!" என்றேன்.

"மாட்டிவிட்டதும் நான்தானே," என்றாள் கசில்டா.

தந்தை தரப்பு, முத்திரை கொடுத்த அரசு அலுவலகத்தில் அவள்மீது புகார் கொடுத்தது. ஆதாரமாக இணைத்திருந்தது அவளே எழுதிய அந்த ஒரு வரியைத்தான். மார்ச்சில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, முத்திரை தப்பியது. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, என்னைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டாள்.