பாவு பிடிக்க வராத தெரு

சூரத்தில் ஒரு லாண்டரி வாசலில் கஞ்சி வாசனை வந்ததும், காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெரு ஞாபகம் வந்தது. அங்கே விடிந்ததும் தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி காய்வதற்குள் இழைகளைப் பிரித்துப் பிடிக்க நாலைந்து பேர் வேண்டும், கூப்பிடாமலே வருவார்கள்.

எதிர்வீட்டுச் சரசாவின் புருஷன் காசநோயில் செத்த பிறகு, அவள் பாவுக்கு ஒருவரும் வரவில்லை.

“ஒரு கை புடியக்கா, கஞ்சி காஞ்சிக்கினே இருக்குது” என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அடுப்புல சோறு கொதிக்குதுமா” என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. நானும் உள்ளே போய்விட்டேன். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாவு முழுக்க வீணாய்ப் போனது. அன்றோடு சரசா கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாண்டரி வாசலிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

“எங்க போனாளோ. அவ யாரோடயும் சேர மாட்டாபா” என்றாள் அம்மா.